பாவாவின் கையெழுத்தும் என் நாலு எண்ணும்

1

போன வாரம் வங்கியிலிருந்து எனக்குப் புது அட்டை ஒன்று தபாலில் வந்தது. உறையைப் பிரித்து, பழக்க தோஷத்தில் பேனாவை எடுத்துக்கொண்டு பின்பக்கம் திருப்பினால், கையெழுத்துப் போடுகிற வெள்ளைப் பட்டையையே காணோம். தப்பான அட்டையை அனுப்பிவிட்டார்களோ என்று சிட்னியில் இருக்கும் மகள் ஹரிணிக்குப் போன் செய்தேன்.

"யாரும்மா இப்ப சைன் பண்றாங்க? அதெல்லாம் எடுத்துட்டாங்க," என்றாள். அவள் கைக்கடிகாரத்தைக் காட்டியே காப்பி வாங்கிக் குடிக்கிறவள். அவளுக்கு நான் எந்தக் காலத்து மனுஷியாகத் தெரிந்திருப்பேனோ.

போனை வைத்துவிட்டு நான் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் இந்த மெல்பர்ன் நகரத்தில் பதினொரு வருஷம் கையெழுத்துப் போட்டே குடும்பம் நடத்தியவள் நான். அதுவும் என் கையெழுத்து இல்லை, என் வீட்டுக்காரர் முனிரத்தினத்தின் கையெழுத்து. திருத்தணிப் பக்கத்து ஜனங்களுக்கு எழுதுகிறேன் என்பதால் ஒளிக்காமல் சொல்கிறேன். இந்த ஊர்க்காரர்களிடம் வாயைத் திறந்திருந்தால் களி தின்ன வைத்திருப்பார்கள் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

2

முனிரத்தினம் என் சொந்த அத்தை மகன். எனக்குச் சின்ன வயசிலிருந்தே பாவா. அரக்கோணத்தில் ரயில் எஞ்சின் பழுது பார்க்கிற இடத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்தார். இங்கேயும் அதே மாதிரி வேலை கிடைத்துத்தான் வந்தோம். எஞ்சினுக்குள் தலையை விட்டால் எந்த ஒயர் எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஆனால் ஒரு கவுண்டர் முன்னால் நிறுத்தி நாலு வார்த்தை பேசச் சொன்னால் மனுஷனுக்கு வேர்த்துக் கொட்டும். அதனால் வந்த முதல் மாதமே கடை கண்ணி, வங்கி, பள்ளிக்கூடம், வாடகை வீட்டு ஏஜென்ட் எல்லாம் என் தலையில் விழுந்தது. அட்டை மட்டும் அவர் பெயரில் இருந்தது.

முதல் தடவை கடைக்குக் கிளம்பும்போது கேட்டேன்.

"பாவா, கார்டு உங்க பேர்ல கீது. நான் எப்படி கையெழுத்து போடறது?"

"என் கையெழுத்தையே போட்டுடு. இங்க எவன் பாத்துகினு இருக்கப் போறான்?" என்றார், சோற்றிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஆடத் தெரிந்தவளுக்கு மேடை கிடைத்த கதைதான். திருத்தணியில் என்னைப் பெற்ற நைனா பத்திரம் எழுதுகிறவர். பதிவாளர் ஆபீசுக்கு எதிரே சின்னக் கடை, ஒரு மேஜை, ஒரு மைப் பெட்டி. பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். நைனா வாயிலிருந்து ஒரு நாளைக்கு நூறு தடவையாவது வருகிற கேள்வி ஒன்று உண்டு: "கையெழுத்தா, கைநாட்டா?" அம்மையார்குப்பத்திலிருந்து வீட்டுப் பத்திரத்துக்கு வருகிற தறிக்காரம்மா ஒவ்வொரு எழுத்தாக யோசித்து யோசித்து எழுதுவாள். நிலம் விற்க வந்தவர் பத்திரத்துக்கு வெளியே வால் நீளும்படி ஒரு இழுப்பு இழுப்பார். எனக்கு எல்லோருடைய கையெழுத்தும் பிடிக்கும். வீணான தாள்களில் அப்படியே அச்சு அசலாகப் போட்டுப் பார்ப்பேன். ஒரு நாள் நைனா பார்த்துவிட்டார். தாளை அங்கேயே கொளுத்தி, என் தலையில் நறுக்கென்று குட்டு வைத்து, "இன்னொரு தபா இந்த வேல வெச்சிகினே, கையை ஒடிச்சிடுவேன்," என்றார். கை ஒடியவில்லை. வித்தையும் போகவில்லை.

பாவாவின் அசல் கையெழுத்து குப்பையைக் கோழி கிளறினது போல இருக்கும். அதை அப்படியே போட எனக்கு மனசு வரவில்லை. ஆங்கில 'எம்'முக்கு இரண்டு குன்று வைத்தேன், முடிவில் ஒரு வால் விட்டேன், அடியில் ஒரு கோடு இழுத்தேன். முனிரத்தினம் படித்துப் பெரிய உத்தியோகத்தில் உட்கார்ந்திருந்தால் எப்படிப் போட்டிருப்பாரோ அந்தக் கையெழுத்து அது. மாதிரிக் கையெழுத்து கேட்டு வங்கியிலிருந்து படிவம் வீட்டுக்கு வந்தபோது அவர் வேலையில் இருந்தார். அதையும் நானே நிரப்பி, நானே போட்டு அனுப்பினேன். அட்டையில் 'மிஸ்டர்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஒரே ஒரு தடவை, கல்லாவில் இருந்த ஒரு பிள்ளை, "மிஸ்டர் முனி... நீங்கதானா?" என்று கேட்டான். ஆமாம் என்று தலையாட்டினேன். பொட்டு வைத்த பொம்பளையைப் பார்த்துக்கொண்டே நன்றி சொல்லி அனுப்பினான்.

3

அப்புறம் ஒரு வருஷம் கடைகளில் எல்லாம் அறிவிப்பு ஒட்டினார்கள். இன்ன தேதியிலிருந்து கையெழுத்து செல்லாது, நாலு எண் பின் நம்பர்தான் என்று. நான் அதை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. அரசாங்கமும் வங்கியும் சொல்கிற தேதியில் எதுவும் நடக்காது என்பது நம் ஊரில் கற்ற பாடம். இங்கே நடந்துவிடும் என்பது பதினொரு வருஷம் ஆகியும் என் மண்டையில் ஏறவில்லை.

அந்த நாட்களில் கடைக்குப் போவதே வேடிக்கைதான். பக்கத்து வீட்டுக் கிரேக்கப் பெரியவருக்குக் காது மந்தம். தன் நம்பரை ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே அமுக்குவார், வரிசையில் நிற்கிற எங்கள் எல்லோருக்கும் அது மனப்பாடம். ஒரு அம்மாள் நம்பரைக் காகிதத்தில் எழுதி அட்டை மேலேயே ஒட்டி வைத்திருந்தாள். ஹோட்டலில் சாப்பிட்டு முடித்தவர்கள் எல்லோரும் எழுந்து கல்லாவுக்கு நடந்தார்கள், ஏனென்றால் அங்கே இருந்த மிஷினுக்கு ஒயர் நீளம் போதவில்லை. என் சிநேகிதி ஒருத்தி வீட்டு நம்பரையும் கார் நம்பரையும் மாற்றி மாற்றி அமுக்கிவிட்டு, மளிகைச் சாமானை அப்படியே போட்டுவிட்டு வந்தாள்.

நம் ஊரில் இந்தத் தொல்லையே இல்லை. போன தடவை லீவுக்கு வந்தபோது திருத்தணி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் புடவை எடுத்தேன். கல்லாக்காரர் என் அட்டையை வாங்கிச் செருகிவிட்டு, "பின் சொல்லுக்கா," என்றார். எனக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் கடைக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் போனார்கள். நானே அமுக்குகிறேன் என்றதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. "நாங்க இன்னா திருடிகினா போய்டப் போறோம்?" என்று கேட்டார். எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஆடிக் கிருத்திகைக்கு அடுத்த சனிக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பாடு. திருத்தணி, அரக்கோணம், பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து முப்பது பேர். இங்கே ஆடி மாசம் பல் கிட்டிப் போகிற குளிர், இருந்தாலும் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு வருவார்கள். வருஷா வருஷம் நான்தான் செய்கிறேன். ஒரு வருஷம் விட்டாலும் பேச்சு வரும். வியாழக்கிழமை காலையில் வண்டி நிறையச் சாமான் எடுத்துக் கல்லாவுக்கு வந்தேன். மிஷினில் கையெழுத்துக்கான பொத்தானை அமுக்கினேன். அது அசையவில்லை.

"இன்னிக்கிருந்து பின் மட்டும்தான்," என்றாள் கல்லாப் பெண்.

பின் நம்பர் ஒன்று பாவா வைத்திருக்கிறார் என்று தெரியும். வங்கிக் கடிதம் வந்ததும் வேலையிலிருந்து திரும்பும் வழியில் ஏதோ ஏ.டி.எம்.மில் நம்பரைப் பதிந்துவிட்டு வந்தார். என்ன நம்பர் என்று நான் கேட்கவே இல்லை. போன் செய்தால் அவர் போன் வேலை செய்கிற இடத்து அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது. அவர் வீடு திரும்ப மூன்று மணி ஆகும்.

என் புருஷனின் மனசு எனக்குத் தெரியாதா என்று ஒரு கர்வம். முதலில் எங்கள் கல்யாண வருஷத்தைப் போட்டேன். தப்பு என்றது. மகள் பிறந்த தேதியும் மாசமும் போட்டேன். அதுவும் தப்பு. பின்னால் வரிசை வளர்ந்துகொண்டே போயிற்று. அப்போதுதான் பொறி தட்டியது. திருத்தணிக்காரன் வேறு என்ன வைப்பான்? மலைப்படி முந்நூற்று அறுபத்தைந்து. முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்துத் தணிகாசலத்தானே என்று அமுக்கினேன்.

அட்டை பூட்டிக்கொண்டது.

4

மூன்று மணிக்கு பாவா வந்தார். நான் வாசலிலேயே நின்றேன்.

"இன்னா நம்பர் வெச்சீங்க?"

"அரக்கோணத்துல நான் மொத மொத தனியா ரிப்பேர் பண்ண எஞ்சின் இல்ல? அதோட கடைசி நாலு நம்பர்," என்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

கட்டின பொண்டாட்டி இல்லை, பெற்ற பெண் இல்லை, சாமிகூட இல்லை. எஞ்சின். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

வங்கிக்குப் போன் செய்தேன். கணக்குக்காரர் நேரில் வந்து, விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு, கணினியில் இருக்கிற பழைய கையெழுத்தோடு ஒத்துப் போனால் உடனே திறந்துவிடுவோம் என்றார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கணினியில் இருப்பது என் கைவண்ணம். அட்டை திறக்காவிட்டால் சனிக்கிழமை முப்பது பேருக்குச் சோறு இல்லை. அவமானத்தோடு அது போகும். ஆனால் திருட்டுக் கையெழுத்து என்று தெரிந்தால் என்ன செய்வார்கள்? போலீஸா? ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்களா? நிஜமாகவே பயந்துவிட்டேன்.

இந்த விஷயத்தில் யோசனை கேட்க உலகத்தில் எனக்கு ஒரே ஆள்தான். நைனாவுக்குப் போன் போட்டேன். அங்கே பகல் நேரம், கடையில் நல்ல கூட்டம். பதினொரு வருஷத்து விஷயத்தை மென்று விழுங்கிச் சொன்னேன். அப்புறம் யாரிடமோ, "கையெழுத்தா, கைநாட்டா? செத்த உக்காரு, வரேன்," என்று சொல்வது கேட்டது.

"அன்னிக்கே கையை ஒடிச்சிருக்கணும்," என்றார் என்னிடம்.

"நைனா."

"மாப்ளைக்குத் தெரிஞ்சி போட்டியா, தெரியாம போட்டியா?"

"அவர்தான் போடச் சொன்னாரு."

"ஆங். அப்ப அதை அந்தாளு வாயால சொல்லணும். நீ நூறு தபா சொன்னாலும் ஆவாது. மாப்ள பேசுவாரா?"

கல்யாணத்தில் ஐயர் கேட்ட கேள்விக்கே தலையை மட்டும் ஆட்டினவர் பாவா. வெள்ளைக்காரி முன்னால் போய், இங்கிலீஷில், தப்பை ஒத்துக்கொண்டு பேசுவாரா? அதைவிட எனக்கு வேறு வழி சுலபமாகத் தோன்றியது. பேசினால்தானே வம்பு? கையெழுத்தை ஒழுங்காகப் போட்டுவிட்டால் பேச வேண்டிய அவசியமே இல்லை.

சமையலறை மேஜையில் உட்கார வைத்துக் கோடு போட்ட நோட்டைக் கொடுத்தேன். நான் ஒரு வரி போடுவேன், அவர் பார்த்து எழுத வேண்டும்.

"ரெண்டு குன்னு வைங்க. உங்களுது கூரை மாதிரி கீது."

"என் பேரை நான் எப்படி வேணா எழுதுவேன்."

"நேத்து வரைக்கும். வாலைத் தூக்குங்க. இன்னும் கொஞ்சம்."

"ஏண்டி, என் கையெழுத்து இவ்ளோ அழகாவா கீது?" என்றார் திடீரென்று. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மறுபடியும் கோழி கிளறினார்.

அப்போது ஹரிணிக்குப் பன்னிரண்டு வயசு. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து எங்களைப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னதும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அம்மா, நீ டாடியை காப்பி அடிச்சே. இப்ப டாடி உன்னைக் காப்பி அடிக்கிறார். ரெண்டுமே ஃப்ராட். எங்க ஸ்கூல்ல சஸ்பெண்ட் பண்ணிடுவாங்க."

"உங்க ஸ்கூல்ல முப்பது பேருக்கு வடை சுடணுமா?" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. என் பெண்ணுக்கு நான் தமிழில் சொல்கிற பாதி நியாயம் அந்த வயசிலேயே புரியாமல் போக ஆரம்பித்திருந்தது. நோட்டுப் பக்கங்கள் நாலு தீர்ந்தன. ஐந்தாவது பக்கத்தில் பாவாவின் கையில் ஒரு குன்றும் ஒரு கூரையும் வந்தது. அதற்கு மேல் தேறவில்லை.

5

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டு வந்தார். வங்கியில் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு அம்மாள் எங்களை உட்கார வைத்தாள். விண்ணப்பத்தை நீட்டினாள். பாவா சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு போட்டார். அவள் கண்ணாடியை மாட்டிக் கணினியைப் பார்த்தாள், காகிதத்தைப் பார்த்தாள். பாஸ்போர்ட் கேட்டாள். அதில் இருந்தது அசல் கோழி கிளறல்.

"மன்னிக்கணும்," என்றாள். "இங்கே மூணு கையெழுத்து இருக்கு. ஒண்ணுகூட இன்னொண்ணு மாதிரி இல்லை."

பயிற்சியே கொடுக்காமல் அழைத்து வந்திருந்தால் பாஸ்போர்ட்டாவது ஒத்துப் போயிருக்கும். என் வித்தையே எனக்கு வினையாகிவிட்டது. அவள் எழுந்திருக்கப் போனாள், மேலதிகாரியைக் கூப்பிடத்தான் போகிறாள். பதினொரு வருஷம் இந்த ஊரில் எல்லாக் கவுண்டரிலும் பேசினவள், அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

பக்கத்தில் நாற்காலி நகர்ந்தது. பாவா எழுந்து நின்றுகொண்டிருந்தார். கழுத்தெல்லாம் வேர்வை. கணினியைக் கையால் காட்டினார்.

"தட் ஒன், மை ஒய்ஃப் சைன்," என்றார். "ஐ டோல்ட் ஹர். ஆல்வேஸ் ஐ டோல்ட். லெவன் இயர்ஸ். ஷி நோ ராங். மீ ராங்."

அந்த அம்மாள் மறுபடி உட்கார்ந்தாள். "அவங்க உங்க அட்டையில வாங்கினதுல உங்களுக்குத் தெரியாம ஏதாவது உண்டா?" என்று கேட்டாள்.

பாவா ரொம்ப நேர்மையாக யோசித்தார். "ஒன் மிக்ஸி," என்றார்.

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரன் திரும்பிப் பார்த்தான். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கவுண்டர் என்றாலே ஓடுகிற மனுஷன், எனக்காக நின்று அத்தனை வார்த்தை பேசினாரே என்று. அவர் மேல் எனக்கு எப்போதும் பிரியம்தான். ஆனால் அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி வந்த பிரியம் வேறு.

மேலதிகாரி வந்தார், ரொம்ப நேரம் பேசினார்கள். இனி இப்படிச் செய்யக் கூடாது என்று என்னைக் கண்டித்தார்கள். பாவா தான் சொன்னதை எழுத்தில் கொடுத்து, தன் சொந்தக் கோழிக் கையெழுத்தைப் போட வேண்டும் என்றார்கள். பாஸ்போர்ட்டோடு அது பொருந்தியதும் பழைய கையெழுத்தைக் கணினியிலிருந்து எடுத்துவிட்டார்கள். பாவம், அழகான கையெழுத்து.

எல்லாம் முடிந்ததும் கண்ணாடி அம்மாள் என் பக்கம் திரும்பினாள். "செலவு செய்யறது நீங்க. அப்ப உங்க பேர்ல ஒரு அட்டை ஏன் இல்லை?" என்று கேட்டாள். அத்தனை வருஷத்தில் அது எங்களுக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை. பாவாதான், "கிவ், கிவ்," என்றார்.

என் பாஸ்போர்ட்டை வாங்கி, படிவத்தை என் முன்னால் வைத்தாள். நான் பேனாவை எடுத்தேன், போட்டேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இன்னொரு படிவம் எடுத்து வைத்தாள். இரண்டு குன்று, வால், அடியில் கோடு. மறுபடியும் பாவாவைப் போட்டிருக்கிறேன்.

"கம்முனு உன் பேரைப் போடேண்டி," என்றார் பாவா.

ரேவதி. அவ்வளவுதான் என் பெயர். பாஸ்போர்ட்டில் தமிழில் போட்டிருந்தேன், திருத்தணியை விட்டுக் கிளம்பும் முன் போட்டதைப் பார்த்து, புதுப்பிக்கும்போது அப்படியே வரைந்தது. அதைப் பார்த்தால் எவளோ ஒரு பெண் போட்டது போல இருந்தது. ஊரில் இருக்கிறவர்கள் கையெழுத்தையெல்லாம் போடத் தெரிந்த எனக்கு, என் பெயரை எழுதக் கை கூசியது. மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். அழகாக ஒன்றும் வரவில்லை. அவள் போதும் என்றாள்.

புது அட்டை வீட்டுக்கு வரும் வரைக்கும் என்று கையோடு ஒரு தற்காலிக அட்டை கொடுத்தாள். பொத்தான் வைத்த சின்ன மிஷினை என் பக்கம் நகர்த்தி, பின் நம்பர் வைக்கச் சொன்னாள். பாவா கழுத்தை நீட்டினார்.

"திரும்பிக்கங்க பாவா."

"நான் உன் புருஷன்டி."

"ஆங், தெரியும். திரும்பிக்கங்க."

கண்ணாடி அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் ஒரு விரலைச் சுழற்றி அவரைத் திரும்பச் சொன்னாள். அவர் சுவரில் இருந்த வீட்டுக் கடன் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் நாலு பொத்தான் அமுக்கினேன்.

6

அங்கிருந்து நேராகக் கடைக்குப் போனோம். சாமானை வண்டியில் அள்ளிப் போட்டுக் கல்லாவுக்கு வந்தால், புதிதாக வந்த ஒரு பெண் மிஷினை பாவாவிடம் நீட்டினாள். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு அடி தள்ளி நின்றார்.

"ஹர் கார்டு," என்றார். கேட்காமலே முகத்தையும் திருப்பிக்கொண்டார்.

அமுக்கினேன். மிஷின் ஏற்றுக்கொண்டது. சனிக்கிழமை முப்பது பேர் என்று சொன்னது முப்பத்தெட்டாகி, வடை பத்தாமல் மறுபடி மாவு அரைத்தேன். எல்லோருக்கும் பாவா தன் வாயாலேயே வங்கிக் கதையைச் சொன்னார். அந்த மனுஷன் கூட்டத்தில் அத்தனை பேசி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆனால் வெள்ளிக்கிழமை கடையிலிருந்து வெளியே வந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே அவர் கேட்டதைத்தான் சொல்ல வந்தேன்.

"கல்யாண நாளா வெச்சே?"

"சொல்ல மாட்டேன்."

"மொத நம்பராவது சொல்லேன்."

"மாட்டேன்."

கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். கோபமோ என்று நினைத்தேன். அப்புறம் வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கும் அடக்க முடியவில்லை. அந்தக் குளிரில், பாலும் உளுந்தும் தேங்காயும் வண்டியில் அப்படியே இருக்க, இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு நின்றோம்.

பத்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது. நல்ல நாள் பார்த்து, பாயசம் கொடுக்கும் நேரம் பார்த்து, இன்னமும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார். நான் சொல்லவில்லை.